முறைக் காய்ச்சலும் கொயினாவும்

கடனிலும் நெருப்பிலும் மிச்சம் வைத்தல் ஆகாதென்பர் பெரியோர். நோயையும் அவற்றோடு சேர்த்தே அவர்கள் எண்ணி வந்தனர். கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்குக் கடனைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வட்டியை மாத்திரம் கட்டி முதலை அப்படியே நிறுத்தி வைத்தவனுடைய கணக்கு எவ்விதம் வளருமென்பதைச் சங்கத்தின் பேரேட்டிலேயே அவர்கள் கண்டிருக்கின்றனர். மலேரியா என்னும் முறைக் காய்ச்சலின் கணக்கும் அத்தகையதே. குளிரும் சுரமும் அந்நோயின் வட்டி. அதன் முதலோ சரீரத்தில் வேறோரிடத்தில் ஒளிந்திருக்கின்றது. வட்டியைத் தீர்க்கும் மருந்து ஒன்று. முதலைத் தீர்க்கும் மருந்து மற்றொன்று. இவ்வேறுபாட்டை அறியாமையால் குடியானவர் படும் நஷ்டம் கொஞ்சமன்று. ஆகவே அம்மருந்துகளின் வரலாறும், அவை வேலை செய்யும் விதமும், அவற்றை உட்கொள்ளும் முறையும் இங்கே சுருக்கமாய்க் கூறப்படுகின்றன.

மலையடிவாரமும் காய்ச்சலும்

வேலூருக்கும் போளூருக்கும் இடையே, ஜவ்வாது மலையின் கீழ்ப்புற அடிவாரத்தில் உள்ளது சந்தவாசல். அதனையடுத்துப் படவேடும், மலையினின்று இறங்கிவரும் கமண்டல நதியும் உள்ளன. அடிவாரத்தில் நெல்லும் வாழையும் விளைகின்றன. மலைமேல் மலையாளிகள் என்னும் மலைவாசிகள் சாமை பயிரிடுகின்றனர். நீரும் நிழலும் நிறைந்த இத்தகைய இடங்கள் பயிருக்கு நல்லவை. மலேரியாக் கொசுவுக்கும் நல்லவை. தெளிந்து மெல்ல ஓடும் மலையோடைகளிலே ஒருவகை அனாபிலஸ் கொசுவும், வயல், வாய்க்கால், குட்டைகளிலே மற்றொரு வகையும், நகரங்களில் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் இன்னொரு வகையும் முட்டையிட்டுப் பெருகுகின்றன. அடிவாரத்தில் இராத் தங்கினால் காய்ச்சல் காணுமென்று முற்காலத்தார் அஞ்சியது வீண் பயமன்று.

இந்நாளில் தமிழ்நாட்டில் இந்நோய் மிகவும் அருகிவிட்டது. எனினும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. வேலை தேடி வெளியூரும் வெளிமாநிலமும் செல்வோர் சிலர் அங்கிருந்து கூலிப் பணத்தோடு காய்ச்சலையும் கொண்டுவருதல் உண்டு. நோயாளி ஒருவனும் கொசுவும் ஓரிடத்தில் சேருமாயின், நோய் மறுபடி தலைதூக்கப் போதிய வசதி ஏற்பட்டுவிடுகின்றது.

கிருமியின் இரண்டு இருப்பிடங்கள்

இந்நோய் கெட்ட காற்றினால் வருவதென்றே நெடுங்காலம் மக்கள் நம்பியிருந்தனர். 1880-ஆம் ஆண்டில் அல்ஜீரியா நாட்டில் லாவெரான் என்னும் பிரெஞ்சு ராணுவ வைத்தியர், நோயாளியின் இரத்தத்தில் ஓர் உயிரணுவாலாகிய நுண்ணிய கிருமியைக் கண்டார். அது கொசுவின் வயிற்றில் வளர்கின்றதென்பதை ரொனால்டு ராஸ் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி செகந்தராபாத்தில் கண்டுபிடித்தார். அதே ஆண்டில் அதற்குச் சில மாதங்கள் முன்பு, நீலகிரி மலையின் சீகூர்க் கணவாய்ப் பக்கம் ஆராய்ச்சிக்காகச் சென்ற ராஸுக்கே மலேரியா கண்டது. மலைச்சரிவின் காய்ச்சல், அதை ஆராய வந்தவரையும் விட்டுவைக்கவில்லை.

கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு கிருமி நம் உடம்பினுள் புகுகின்றது. புகுந்ததும் முதலில் ஈரலைச் சென்றடைகின்றது. அங்கே சில தினங்கள் ஓசையின்றிப் பெருகி, பின்னர் இரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களுள் நுழைகின்றது. அணுவிலுள்ள சத்தைத் தின்று பெருகி, அவ்வணுவை வெடித்துக்கொண்டு வெளிவந்து, புதிய அணுக்களைத் தேடிச் செல்கின்றது. அவ்வாறு அணுக்கள் ஒருங்கே வெடிக்கும் வேளையில்தான் முதலில் உடல் நடுங்கும் குளிரும், பின்பு கடுஞ்சுரமும், முடிவில் வியர்வையும் உண்டாகின்றன. வைவாக்ஸ் என்னும் வகையில் இஃது ஏறக்குறைய 48 மணிக்கு ஒருமுறை நிகழ்வதால், ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வருகின்றது. முறைக் காய்ச்சல் என்னும் பெயரின் பொருள் இதுவே.

வைவாக்ஸ் கிருமியிடத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஈரலை அடைந்த கிருமிகள் யாவும் உடனே இரத்தத்தில் இறங்குவதில்லை. சில அங்கேயே உறங்கிக் கிடக்கின்றன. வாரங்கள் கழித்தோ, பல மாதங்கள் கழித்தோ அவை விழித்தெழுந்து இரத்தத்தில் இறங்கினால், புதிய கொசுக்கடி ஒன்றுமின்றியே பழைய காய்ச்சல் திரும்புகின்றது. மேலே முதல் என்று கூறப்பட்டது இவ்வுறங்கும் கிருமியையே. பால்சிபாரம் என்னும் மற்றொரு வகை இவ்விதம் உறங்குவதில்லை. ஆனால் அது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிச் சில தினங்களுக்குள் உயிரைக் கொள்ளை கொள்ளத்தக்கது. இவ்விரண்டையும் காய்ச்சலின் போக்கைக் கொண்டு நிச்சயமாய்ப் பிரித்தறிதல் இயலாது. இரத்தத்தைப் பரிசோதித்தே அறிதல் வேண்டும்.

நீலகிரியில் விளைந்த மருந்து

இக்கிருமி இன்னதென்று அறியப்படுவதற்கு 200 ஆண்டுகளுக்கும் முன்பே அதற்கு மருந்து அகப்பட்டுவிட்டது. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டை முறைக் காய்ச்சலை நிறுத்துமென்பது 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவியது. 1820-ஆம் ஆண்டில் பெல்லத்தியே, காவந்தூ என்னும் இரு பிரெஞ்சு ரசாயன நிபுணர் அப்பட்டையினின்று அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தனர். அதுவே குயினைன், நம் நாட்டார் வாயில் கொயினா.

கிளெமென்ட்ஸ் மார்க்ஹாம் என்பார் சின்கோனா விதைகளையும் செடிகளையும் தென்னமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொணரும் பொறுப்பை ஏற்று, 1860-ஆம் ஆண்டையொட்டி அவற்றை வரவழைத்தார். உதகமண்டலத்துத் தோட்டத்தின் மேற்பார்வையாளர் மக்கைவர் அவற்றை நீலகிரியில் பயிராக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் மருந்து செய்யும் தொழிற்சாலையும் ஏற்பட்டது. பிற்காலத்தில் ஆனைமலையிலும் இம்மரம் பயிராயிற்று. வால்பாறையை அடுத்து இன்றும் சின்கோனா என்ற பெயரோடு ஓர் ஊர் இருப்பது அதன் ஞாபகமே. அங்கெல்லாம் இப்போது தேயிலையே பெரும்பயிர்.

சின்கோனாப் பட்டையிலுள்ள நான்கு சாரங்களும் எவ்வளவு பயன் தருமென்று ஆராய 1866-ஆம் ஆண்டில் வைத்தியக் குழுக்கள் நியமிக்கப்பட்டன. அவை கொடுத்த கணக்கின்படி, மருந்துண்ட 2,472 நோயாளிகளில் 2,445 பேர் குணமடைந்தனர்; 27 பேருக்கே பலிக்கவில்லை. ஆச்சரியமான பலன்தான். ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கிருமியும் அதன் உறக்கமும் அக்காலத்தில் ஒருவருக்கும் தெரியா. சுரம் நிற்பதொன்றே குணத்துக்கு அடையாளமாயிருந்தது. குணமடைந்ததாக எண்ணப்பட்டவருள் எத்தனை பேருக்குப் பின்னர் காய்ச்சல் திரும்பிற்று என்பதை அக்கணக்கு காட்டாது. இன்றும் சுரம் நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவோர் அப்பழைய அடையாளத்தையே நம்பியிருக்கின்றனர்.

1892-ஆம் ஆண்டில் வங்காளத்தில் கொயினாப் பொட்டலங்களைத் தபால் ஆபீசுகளில் காலணா விலைக்கு விற்கும் ஏற்பாடு தொடங்கியது. பின்னர் மற்ற மாகாணங்களிலும் அது பரவியது. கிராமத்துக்குக் கடிதம் கொணர்ந்த தபால்காரரே மருந்தும் கொணர்ந்தார். இஃது ஏழைகளுக்குப் பேருதவியாயிற்று. ஆனால் ஒரு பொட்டலத்தை வாங்கித் தின்று, குளிர் விட்டதும் மற்றதை வாங்காதிருக்கும் வழக்கமும் இதனுடன் வளர்ந்தது.

மருந்து வேலை செய்யும் விதம்

சிவப்பணுவினுள் இருக்கும் கிருமிக்கு உணவு அவ்வணுவிலுள்ள சிவப்புச் சத்து. அச்சத்தைத் தின்னும்போது இரும்பு கலந்த ஒரு கழிவு மிஞ்சுகின்றது. அக்கழிவு கிருமிக்கே நஞ்சு. ஆகவே கிருமி அதனைக் கெட்டியான துகளாக்கி, தீங்கு செய்யாதபடி ஒதுக்கி வைக்கின்றது. கொயினாவும், அதன்பின் வந்த குளோரோகுயினும், கிருமியின் வயிற்றுப்பையினுள் சேர்ந்து, கழிவு துகளாவதைத் தடுக்கின்றன என்பதே ஆராய்ச்சியாளர் பெரும்பாலோருடைய முடிவு. புகைபோக்கியை அடைத்துவிட்டால் அடுப்பெரிப்பவர் தம் புகையிலேயே மூச்சுத் திணறுவது போல, கிருமி தன் கழிவாலேயே மடிகின்றது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை விளங்கும். அடுப்பு எரியாத வீட்டில் புகைபோக்கியை அடைப்பதால் என்ன பயன்? ஈரலில் உறங்கும் கிருமி இரத்தச் சத்தைத் தின்பதில்லை. ஆகலின் கொயினாவோ குளோரோகுயினோ அதனை ஒன்றும் செய்யமாட்டா. அவற்றை எத்தனை நாள் உண்டாலும் வட்டியே தீரும்; முதல் அசையாது.

கொயினா வாய்வழி உண்ட சில மணி நேரத்திற்குள் இரத்தத்தில் நிறைகின்றது. ஆனால் விரைவில் ஈரலால் சிதைக்கப்பட்டுக் குறைந்துவிடுகின்றது. அதனால் அதனை நாளைக்கு மூன்று வேளையாக 7 நாள் உண்ணவேண்டியிருந்தது. அதன் கசப்பும், அதனால் உண்டாகும் காதிரைச்சல், தலைவலி, குமட்டல், காது மந்தம் ஆகியவையும் பலரைப் பாதியிலேயே நிறுத்தச் செய்தன. அளவு மிகுந்தால் இருதயத்தின் துடிப்பைக் கெடுக்கும். இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் திடீரெனக் குறைக்கும். கர்ப்பவதிகளுக்கு இவ்வபாயம் அதிகம்.

புதிய மருந்துகள்

1942-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவு ஜப்பானியர் வசமாயிற்று. உலகத்துக் கொயினாவில் பெரும்பகுதி அத்தீவிலிருந்தே வந்துகொண்டிருந்தமையால், மருந்துக்குப் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. செயற்கை மருந்துகளின் ஆராய்ச்சி தீவிரமாயிற்று. 1934-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் ஆக்கப்பட்டிருந்த குளோரோகுயின் போருக்குப்பின் எங்கும் பரவியது. அது கொயினாவைப் போல் விரைவில் கழிந்துவிடாமல் பல வாரங்கள் சரீரத்தில் தங்குகின்றது. ஆகவே 3 நாள் உண்டால் போதுமானது. ஈரலில் உறங்கும் கிருமியைக் கொல்லும் பிரைமாகுயின் 1950-ஆம் ஆண்டையொட்டி வழக்கத்துக்கு வந்தது. முதலைத் தீர்க்கும் மருந்து இதுவே.

கிருமியும் சும்மாயிருக்கவில்லை. குளோரோகுயினுக்கு அடங்காத பால்சிபாரம் கிருமி இந்தியாவில் முதன்முதலாக 1973-ஆம் ஆண்டில் அசாமில் காணப்பட்டது. பின்னர் நாட்டின் பல பாகங்களிலும் தோன்றிற்று. அரைகுறையாக உண்ணப்படும் மருந்து கிருமியைக் கொல்லாமல் அதற்குப் பழக்கம் கொடுத்துவிடுகின்றது. சீன நாட்டில் தூ யூயூ என்னும் பெண்மணியும் அவருடன் உழைத்தோரும் 1972-ஆம் ஆண்டளவில் ஒரு பூண்டிலிருந்து ஆர்டிமிசினின் என்னும் சாரத்தைப் பிரித்தெடுத்தனர். அதற்காக 2015-ஆம் ஆண்டில் அவ்வம்மையாருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அச்சாரத்தின் வழிவந்த ஆர்டிசுனேட் மருந்தே இன்று கடுமையான மலேரியாவுக்கு முதல் மருந்து. கொயினா பின்வரிசைக்குச் சென்றுவிட்டது. முதல் மருந்து கிடைக்காத சமயத்தும் பலிக்காத சமயத்தும் வைத்தியர் அதனை இன்றும் கையாளுகின்றனர்.

இன்றைய சிகிச்சை

வைவாக்ஸ் என்று தெரிந்தால், குளோரோகுயின் 3 நாளும் பிரைமாகுயின் 14 நாளும் கொடுக்கப்படுகின்றன. வளர்ந்தவருக்குப் பிரைமாகுயின் நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்பது பொதுவான அளவு. உடல் எடைக்கும் வயதுக்கும் தக்கபடி வைத்தியரே அளவைத் தீர்மானிப்பர். பால்சிபாரம் என்று தெரிந்தால், ஆர்டிமிசினின் வகை மருந்தும் வேறொரு மருந்தும் சேர்ந்த கூட்டு மருந்து 3 நாள் கொடுக்கப்படுகின்றது. இரத்தத்தில் எஞ்சி நின்று கொசுவின் வழியே பிறருக்குப் பரவும் கிருமிகளைக் கொல்ல ஒரே வேளைப் பிரைமாகுயினும் அதனுடன் உண்டு.

பிரைமாகுயின் எல்லோருக்கும் ஏற்றதன்று. கர்ப்பவதிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அதனைக் கொடுத்தலாகாது. பிறவியிலேயே இரத்த அணுவில் ஒருவகைச் சத்து குறைந்தவர்கள் உளர். அவர்கள் இதனை உண்டால் அணுக்கள் உடைந்து சோகை காணும். சிறுநீர் கறுத்துப் போதல், கண் மஞ்சளித்தல், மிகுந்த மூச்சுவாங்கல் ஆகியவை தோன்றினால் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். வெறும் வயிற்றில் உண்டால் வயிற்றுவலி தரும். ஆகாரத்துக்குப்பின் உண்பதே நலம். குளோரோகுயின் மாத்திரைகள் சில, சிறு குழந்தையின் உயிரைப் போக்கப் போதுமானவை. ஆதலால் அவற்றைக் குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைத்தல் அவசியம்.

நாலாம் நாளின் அபாயம்

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மலையடிவாரத்துக் குடியானவன் ஒருவன் சங்கத்தில் கடன் வாங்கி ஓர் ஏக்கர் வாழை வைக்கின்றான் எனக் கொள்வோம். இடையில் வெளியூர் வேலைக்குச் சென்று காய்ச்சலோடு திரும்புகின்றான். இரத்தம் சோதித்து மாத்திரை தருகின்றனர். மூன்றாம் நாள் குளிர் விட்டுவிடுகின்றது, பசி எடுக்கின்றது. நாலாம் நாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகின்றான். மிகுந்த 11 நாள் மாத்திரையும் கூரையில் செருகிக் கிடக்கின்றது. அவன் சோம்பேறியல்லன், உழைப்பாளி. நோயில்லாதபோது மருந்து எதற்கென்பது அவனுடைய எண்ணம்.

சில மாதங்கள் கழிகின்றன. மண் அணைக்கவும் எரு வைக்கவும் வேண்டிய சமயம். அப்போது குளிர் மீண்டும் வருகின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் படுக்கை. தனக்குப் பதில் கூலியாள் வைக்கவேண்டும். மனைவி வேலையை விட்டு அருகிலிருக்கவேண்டும். இரத்தம் குறைந்து பலம் திரும்ப நாளாகின்றது. தவணை தவறுகின்றது. அவனது இரத்தத்தைக் குடித்த கொசு பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கடித்துவிட்டால், நஷ்டம் ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. இத்தனைக்கும் காரணம் கூரையில் செருகிய மாத்திரைகளே.

தேசத்தின் வரலாறும் இதையே கற்பிக்கின்றது. சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியாவில் ஆண்டுதோறும் 7½ கோடிப் பேருக்கு மலேரியா கண்டதாகவும், 8 லட்சம் பேர் அதனால் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டது. 1953-ஆம் ஆண்டில் கட்டுப்படுத்தும் திட்டமும், 1958-ஆம் ஆண்டில் அடியோடு ஒழிக்கும் திட்டமும் தொடங்கின. 1965-ஆம் ஆண்டளவில் நோயாளிகளின் தொகை ஏறக்குறைய ஒரு லட்சமாக இறங்கிற்று. வேலை முடிந்ததென்ற எண்ணத்தில் கவனம் தளர்ந்தது. மருந்துக்கு அடங்காத கொசுவும் கிருமியும் தோன்றின. 1976-ஆம் ஆண்டில் தொகை 64 லட்சத்துக்கு ஏறிற்று. நாலாம் நாள் மருந்தை நிறுத்திய குடியானவன் கண்டதையே தேசமும் கண்டது.

சங்கம் செய்யத்தக்கது

கூட்டுறவுக்கும் மலேரியாவுக்கும் பழைய சம்பந்தம் ஒன்றுண்டு. வங்காளத்தில் டாக்டர் கோபால் சந்திர சட்டோபாத்தியாயர் என்பவர், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள பாணிஹாட்டியில் தொடங்கி, கிராமந்தோறும் மலேரியா ஒழிப்புக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தார். 1919-ஆம் ஆண்டில் அவற்றுக்கு ஒரு மத்திய சங்கமும் ஏற்பட்டது. அங்கத்தினர் சிறு சந்தா செலுத்தினர், குட்டைகளைத் தூர்த்தனர், புதர்களை வெட்டினர், கொயினா வழங்கினர். பிறர் வந்து செய்வரென்று காத்திராமல் கிராமவாசிகளே செய்த வேலை அது. பின்வருவனவற்றை எந்தச் சங்கமும் செலவின்றிச் செய்துகொள்ளலாம்.

1. குளிரோடு காய்ச்சல் கண்டால், அன்றே அல்லது மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்துக்கொள்ளவேண்டும். சர்க்கார் நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை நோயை மறைக்குமேயன்றிப் போக்காது.

2. வெளியூர் சென்று திரும்பியவர் தாம் சென்ற இடத்தை வைத்தியரிடம் தாமே கூறவேண்டும். சில மாதங்களுக்குமுன் சென்றிருந்தாலும் கூறவேண்டும்.

3. பதினான்கு கட்டங்கள் கோடிட்ட ஒரு காகிதத்தைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு நாளும் மாத்திரை உண்டபின் ஒரு கட்டத்தை அடித்துவரவேண்டும். தவணைச் சீட்டைப் போலவே இதுவும். வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளையிடம் இவ்வேலையை விட்டால் அது மறவாது.

4. நோயாளி பிதற்றுதல், மயங்குதல், வலிப்புக் காணுதல், ஓயாமல் வாந்தியெடுத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது; பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சிறு குழந்தைகளையும் கர்ப்பவதிகளையும் இவ்விஷயத்தில் தனியே கவனிக்கவேண்டும்.

5. வாரம் ஒருமுறை தொட்டிகளைக் கழுவிக் காயவைத்து மூடவேண்டும். வேண்டாத குட்டைகளைத் தூர்க்கவேண்டும். கிணறுகளில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனை விடவேண்டும். இரவில் கொசுவலை கட்டிக்கொள்ளவேண்டும்.

கசந்த கொயினாவுக்கு அஞ்சிய காலம் போய்விட்டது. இன்றைய மாத்திரைகள் சிறியவை, விழுங்க எளியவை, விலையும் கொடுக்க வேண்டுவதில்லை. அவை கேட்பதெல்லாம் பதினான்கு நாள் ஞாபகம் ஒன்றே. சந்தவாசல் பக்கத்துச் சங்கத்தில் கடைசித் தவணையையும் கட்டி ரசீது பெற்ற அங்கத்தினன் எத்தகைய மனநிம்மதியுடன் வீடு திரும்புவானோ, அத்தகைய நிம்மதி பதினான்காம் கட்டத்தை அடித்தபின் அவன் குடும்பத்துக்கும் உண்டாகும். சுரம் நின்ற நாளைக் கணக்கு முடிந்த நாளாகக் கொள்ளாமல், மருந்து முடிந்த நாளையே அவ்விதம் கொள்ளவேண்டும்.